சம்பந்தப்பட்டவருக்கு

என்று தொடங்கி நிற்கிறது கடிதம்
மாலை ஐந்தே காலிலிருந்து.
கருங்கல் கிளையின் ஷட்டரைப் பாதி இறக்கியாயிற்று.
கீழே பேக்கரியில் அடுத்த அடுக்கு பன் வேகிறது.
அடகு வைக்க வந்த யாரோ விட்டுப்போன
ரப்பர் ஷீட் வாடை இன்னும் நாற்காலியில்.

சுனிகலா காலையில் கூப்பிட்டாள்,
ஆறு வருடம் கழித்து,
நேற்று டிபன் பாத்திரத்தை மாற்றி எடுத்துப் போனவள் மாதிரி:
"பிள்ளே, நாந்தான்."
பார்வதிபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரி, பில் கவுண்டர்.
பழைய இடத்திலிருந்து கடுதாசி கேட்கிறார்களாம்.
"பெரிசா ஒண்ணும் வேண்டாம் கேட்டியா.
நேரத்துக்கு வருவா, கணக்கு சரியா இருக்கும்.
அவ்வளவு மதி."

நேரத்துக்கு அவள் வந்ததே இல்லை.
முளகுமூட்டு பஸ் ஒன்பது பத்துக்குத்தான் வரும்.
இறங்கியும், மீதி ரெண்டு ரூபாய்க்கு மிட்டாய் நீட்டும்
பேக்கரிக்காரனிடம்
ரூபாயே வேண்டும் என்று நின்று வாங்கிவிட்டுத்தான்
மாடி ஏறுவாள்.
இருந்தாலும் 'காலந்தவறாதவர்' என்று தட்டிவிட்டேன்.
லேசான பொய்தான்.
தராசில் வைத்தால் எண் மாறாது.

அடுத்த வரியில் விரல் நிற்கிறது.
'கணக்கில்'

ஒரு சங்கிலி, ஒரு ஜோடி கம்மல்.
தணிக்கைக்கு வந்தவர் அரக்கை உடைத்து நிறுத்தார்:
22.4.
புத்தகத்தில் 24.2.
மீதி ஒன்று புள்ளி எட்டு கிராம் எங்கே என்று
அவர் கத்தவில்லை.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பொட்டலம் கட்டி அரக்கு வைத்தது அவள் கை.
அவள் மோதிரத்தையும் நிறுத்தார்கள்,
ரசீதும் கொடுத்தார்கள்.
ராஜினாமாவில் 'சொந்தக் காரணம்' என்று எழுதி
பேனாவை என்னிடமே திருப்பித் தந்தாள்.
என் பேனா அது.

மூன்று மாதம் கழித்து
கால்குலேட்டர் உறைக்குள் கிடைத்தது அந்த எடைச் சீட்டு.
22.4. என் கையெழுத்து.
அதைப் பார்த்துப் புத்தகத்தில் ஏற்றியதும் நான்.
ரெண்டும் நாலும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன,
கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு முந்துகிறவர்கள் போல.
அந்த வாரம்தான் எனக்குப் பதவி உயர்வு வந்திருந்தது.
சீட்டை நாலாக மடித்தேன்.
இன்றுவரை பர்ஸில் இருக்கிறது,
காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தரும்
அந்தோணியார் படத்துக்குப் பின்னால்.

'அவர் விலக நேர்ந்தது' என்று அடித்தேன். அழித்தேன்.
'நேர்ந்தது' என்ற சொல்
எத்தனை பேரை ஒளித்து வைத்துக்கொள்கிறது.

ஏழு மணிக்கு மறுபடி போன்.
"எழுதிட்டியா? சாரமில்ல, நாளைக்கும் தரலாம்.
எனக்க நம்பரை மட்டும் ரெண்டு தடவ பாத்துப் போடு பிள்ளே.
நீ மாத்திப் போடுவேல்லா."
சிரித்தாள்.
பின்னால் ஒரு குழந்தை எட்டாம் வாய்ப்பாட்டில் தவற,
"அம்பத்தாறு" என்று போனை விலக்காமலே திருத்தினாள்.

எப்போதிலிருந்து தெரியும்?
நான் கேட்கவில்லை.
விரலைவிட்டு வரமாட்டேன் என்ற மோதிரத்தை
எச்சில் தொட்டுத் திருகியபோது
ஒருமுறை என்னைப் பார்த்தாள்.
அப்போதேவா?

'காலந்தவறாதவர்' போயிற்று.
'ஒன்பது பத்துக்கு வருவார்.
கணக்கு முடியாமல் வீட்டுக்குப் போனதில்லை.
இங்கே அவர்மீது ஏற்றப்பட்ட பிழை
அவருடையதல்ல.'
யாருடையது என்ற வாக்கியத்துக்கு
தலைமை அலுவலகத்தின் சின்னம் அச்சடித்த தாளில்
என் விரல் போகவில்லை.
'மேலும் அறிய என்னை அழைக்கவும்' என்று போட்டேன்.
என் எண்ணை முன்னிருந்து ஒரு தடவை,
பின்னிருந்து ஒரு தடவை
சரிபார்த்தேன்.

பிறகு பர்ஸைத் திறந்து, சீட்டை நீவி,
மேசைக் கண்ணாடிக்கு அடியில்
போனுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
நாளைக்கு நகையோடு வருகிறவர்கள்
பார்த்தால் பார்க்கட்டும்.
ரெண்டு, ரெண்டு, நாலு.
அதே வரிசையில்.