கட்டைவிரல்

மதுரையில் ஏது குளிர் என்பவர்கள்
மார்கழியில் ஐந்தே முக்காலுக்குப்
பசுமலை வந்து
என் தொண்ணூற்றாறு மாடல் மாருதியை
எழுப்பிப் பார்க்கட்டும்.

சோக்கை இழுத்தால் அலறும்.
விட்டால் விக்கும்,
ஸ்டீயரிங்கோடு என் வளையலும் நடுங்க
நின்றுபோகும்.

பிளக் மூன்றும் மாற்றியாயிற்று.
கார்பரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் ஊறவைத்தான்
பழங்காநத்தம் செய்யது.
"அம்பது கிலோமீட்டர் ஓட்டுங்க, செட்டாயிரும்."
நூறு ஓட்டினேன்.
செட்டானது நான்தான்:
சிக்னலில் ஒரே காலால்
பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் மிதிக்க.

பன்னிரண்டாம் நாள்
மங்கிக் குல்லாவோடு சண்டைக்கு வந்தார்
பக்கத்து வீட்டு தேவசகாயம்.
தூக்கம் போச்சு என்று ஆரம்பித்தவர்
பானெட்டுக்குள் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்.
"என்னமோ சீறுதே, கேக்கலையா?"

கேட்கவில்லை.
உறுமல்தான் எனக்குப் பழகியிருந்தது.

விரல் தடிமனில் ரப்பர் குழாய்.
வளைவுக்கு அடியில், கண்ணில் படாத பக்கம்
நகக்கீறல் போல வெடிப்பு.
கட்டைவிரலால் அமுக்கினார்.

அடங்கியது.
பால் வண்டியும் சர்ச் மணியும்
தெருவுக்குத் திரும்பி வந்தன.

விரலை எடுத்தார், விக்கியது.
வைத்தார், அடங்கியது.
மூன்று தரம் செய்து பார்த்தார்,
வந்த காரியத்தை மறந்து.

சிம்மக்கல்லில் நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும்,
கடை திறக்கப் பத்தாகும்.
எனக்கோ ஆறரைக்கு டியூட்டி.
சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி
கம்பியால் முறுக்கிக் கிளம்பினேன்.

கண்ணாடியில் தெரிந்தார்:
கரிபட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி,
எதில் துடைப்பதென்று தெரியாமல்.