ஒன்பது மீட்டர்

பத்தொன்பது வருடம் இதன் மேல் டிராம் ஓட்டுகிறேன்.
கீழே ஓர் ஓடை போகிறதென்று
யாரும் சொன்னதில்லை.
தண்டவாளம் அங்கே கொஞ்சம் தாழும்,
வயிற்றுக்குள் ஒரு சின்னப் பள்ளம் விழும்.
அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

நவம்பரில் திஹானா வந்தாள்,
பதினோரு மாடிக்கும் அழைப்புமணி அழுத்திக்கொண்டு.
கையில் ஸாக்ரெபின் பழைய வரைபடம்.
ஆளுக்கொரு தயிர்க் கோப்பை, அதில் ஈர மணல்,
மணலுக்குள் கண்ணுக்குப் பிடிபடாத ஏதோ.
"ஃப்ரிட்ஜில் வையுங்கள், மார்ச் வரை.
குளிர்காலம் என்று அது நம்ப வேண்டும்."
வெளியே அசல் குளிர்காலம் சும்மா கிடந்தது.

வரைபடத்தில் ஓடைக்குப் பெயர் இருந்தது: ஷாஷவெட்ஸ்.
கோரையாறு என்பதுபோல ஒரு பெயர்.
குழாய்க்குள் தள்ளி மேலே தார் ஊற்றிய பிறகு
பெயர் மட்டும் ஒரு நிறுத்தத்துப் பலகையில் மிச்சம்,
அதிலும் ஓர் எழுத்து உதிர்ந்து.

ஏப்ரலில் எல்லார் ஜன்னலிலும் பச்சை.
கோரை, நீர் ஐரிஸ்,
கல்யூஷ்னிட்ஸா என்ற சேற்றுக்காரி.
பல் மருத்துவர் ஓக்ன்யென்
லிஃப்டில் போவோர் வருவோருக்கெல்லாம்
முதல் இலையின் படம் காட்டினார்.
ஏழாம் மாடியில், விவாகரத்தான இருவர்
ஒரே தொட்டிக்கு முறைவைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள்.
என் கோப்பையில் மணல்.
இரவுப் பணி முடிந்து வந்து
விளக்கைப் போட்டுப் பார்ப்பேன்.
மணல் மணலாகவே இருந்தது.
அதனிடம் ஒரு நேர்மை இருந்தது.

என்னிடம் இல்லை.
ஜூலை முதல் சனிக்கிழமை
சந்தையில் ஒரு புதினாத் தொட்டி வாங்கி
விலைச்சீட்டைக் கிழித்தேன்.

ஞாயிறு காலை முந்நூற்று நாற்பது தொட்டிகள்
படியிறங்கித் தெருவுக்கு வந்தன.
திஹானா சுண்ணக்கட்டியால் பழைய கரையை வரைந்திருந்தாள்.
பூவை எதிர்பார்த்தவர்களுக்கு
இரண்டே பூ, ஊதா, அதுவும் ஒரே தொட்டியில்.
ஸ்ரெச்கோ காரை எடுக்க மாட்டேன் என்றார்.
"என் வரி, என் இடம்."
சரி, ஓடையென்றால் பாறை இருக்கும்தானே.
தொட்டிகள் சுற்றி வளைந்து போயின.
சிவப்புப் பாறை. நான்கு கதவு.

லோவ்ரோ என்ற பொடியன்
என் தொட்டியை முகர்ந்து சத்தமாகச் சொன்னான்:
"இது புதினா!"
திஹானா ஓர் இலை கிள்ளி வாயில் போட்டாள்,
மென்றாள்,
பாறைக்குப் பின்னால், நீர் சுழலும் இடத்தில்
தொட்டியை வைத்துவிட்டுப் போனாள்.
ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

தண்டவாளத்தில் எதையும் வைக்கக் கூடாது,
இரும்பு மூடியை மறைக்கக் கூடாது,
நகராட்சியின் உத்தரவு.
ஆகவே ஒன்பது மீட்டருக்கு ஓடை இல்லை.
அங்கேதான் ஸ்ரெச்கோவின் கார் சாவி விழுந்தது.
எடுக்கக் குனிந்தவர்
குனிந்தபடியே இருந்தார்.
பிறகு முழங்காலிட்டார்.
பிறகு, தார்மீது படுத்து
மூடியின் துளையில் காதை வைத்தார்.

ஒருவர் பின் ஒருவராகப் படுத்தோம்.
கும்மிருட்டில் யாரோ
இடைவிடாமல் பாத்திரம் கழுவுவதுபோல ஒரு சத்தம்.
பதினான்காம் எண் வண்டி வந்து நின்றது.
ஓட்டியது ஸ்ட்ராவ்கோ, எனக்குத் தெரிந்தவன்தான்,
மணியடிக்காமல் ஒரு நாளும் நகராதவன்.
மணியடிக்கவில்லை.
கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தான்.

தொட்டிகள் இப்போது பூங்காவின் சகதி மூலையில்.
புதினா மற்றவற்றின் இடத்தையும் பிடிக்கிறதாம்,
வாரம் ஒரு முறை போய்ப் பிடுங்குகிறேன்.

நேற்றுக் கடைசி வண்டியில் ஆளில்லை.
அந்தத் தாழ்வில் கரன்ட்டை விட்டு
வண்டியை உருளவிட்டுப் பார்த்தேன்.
கேட்கவில்லை. சக்கரச் சத்தமே போதும்
எல்லாவற்றையும் மூட.

கோப்பை மறுபடி ஃப்ரிட்ஜில் இருக்கிறது,
கடுகுச் சாந்துக்குப் பக்கத்தில்.
சில விதைக்கு இரண்டு குளிர்காலம் வேண்டுமாம்,
ஓக்ன்யென் சொல்கிறார்.
பல் மருத்துவருக்கு என்ன தெரியும்.