வெள்ளை விரிப்பு

மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவள்,
ஈக்வடார் கொடி குத்திய சட்டைக்காரி,
நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டாள்.
வீட்டில் எத்தனை பேர்? மூன்று.
கழிப்பறை? உண்டு, கதவில்லை.
மொழி? கிச்வா. கோபம் வந்தால் ஸ்பானிஷ்.
வாசலில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப்
படகேறினாள்.

என் கணக்கு இருட்டியபின் தொடங்கும்.
இரண்டு மூங்கில், நடுவே என் கட்டில் விரிப்பு,
பின்னால் ஜெனரேட்டரோடு சேர்ந்து முனகும் நீல விளக்கு.
முதலில் கொசு. அது ஏட்டில் சேராது.
எட்டரைக்கு மேல்தான் வரத்து:
காய்ந்த இலையாக ஒன்று,
பறவை எச்சமாக ஒன்று,
நகத்தில் பாதிகூட இல்லாமல் பொன்முலாம் பூசிக்கொண்டு ஒன்று,
இறக்கையில் கண் வரைந்து
என்னையே முறைத்தபடி ஒன்று.
போன அமாவாசையில், விடிவதற்குள்
எழுநூற்று ஒன்பது வகை விட்டில்கள்.
கீட்டோவிலிருந்து வந்திருந்த முனைவர் லோவாய்சா
பேனாவை உதறி உதறிப் பார்த்தார்,
பேனாதான் பொய் சொல்கிறது என்பதுபோல.
"செலிந்தா, உன் விரிப்பில்
ஒரு நாடே உட்கார்ந்திருக்கிறது" என்றார்.
என் மகள் மூத்திரம் பெய்த விரிப்பு அது.
நான் சொல்லவில்லை.

பெயர் இல்லாதவற்றுக்கு எண் போடுகிறோம்.
நானூற்றுப் பன்னிரண்டை எனக்குப் பிடிக்கும்.
சோம்பேறி. விளக்கை அணைத்த பிறகும்
போக மனம் வராது அதற்கு.

நாப்போ ஆற்றுக்கு அக்கரையில் எண்ணெய்க் கிணறு.
வேண்டாத வாயுவைக் கம்பத்தின் உச்சியில் எரிக்கிறார்கள்,
இரவு பகல், ஞாயிற்றுக்கிழமையும் உண்டு.
என் விளக்கைவிடப் பெரிய விளக்கு.
லீனோவுக்கு அங்கே இரவு வேலை.
கம்பத்தடியைக் கூட்டுவது.
எதைக் கூட்டுகிறாய் என்று
நான் கேட்டதே இல்லை.
ஜெனரேட்டர்
அவன் சம்பளத்தில் வாங்கியது.

நேற்று அவன் சட்டையை அலசும்போது
காலர் மடிப்பில் ஒற்றை இறக்கை.
ஓரம் கருகல். நடுவில் பச்சை:
ஈரக்கல்லில் பாசி, பாசிமேல் வெயில் விழுந்த பச்சை.
பதினோரு வருடமாக என் விரிப்புக்கு வராத பச்சை.

கையைத் துடைத்துக்கொண்டு ஏட்டை எடுத்தேன்.
தேதி. நிலவு. மழை இல்லை.
இடம்: லீனோவின் காலர்.
எண்ணிக்கை: ஒன்று.
அதை அடித்துவிட்டு
கால் என்று எழுதினேன்.
விட்டிலுக்கு இறக்கை நான்கு.

மதியம் தூங்கி எழுந்து வந்தவனிடம் சொன்னேன்:
இனிமேல் கூட்டியதைக் கொட்டாதே.
சாக்கில் கட்டி எடுத்து வா.

முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டான்.
துண்டைத் தேடினான்.
எத்தனை சாக்கு வேண்டும், என்று கேட்டான்,
கேலியே இல்லாமல்.