பித்தளைக் கூம்பு நான்கு

ஸ்பீக்கர் பெட்டிக்கு அடியில்
பித்தளைக் கூம்பு நான்கு வைத்தால்
தரை விலகிவிடும், ஒலி மட்டும் நிற்கும்
என்றான் கீழக்கரை நெய்னா.
எண்ணூறு ரூபாய்.
வைத்தேன்.
விலகியது எண்ணூறு ரூபாய்.

இல்லை, பொய் சொல்லக்கூடாது.
அன்றிரவு நாதஸ்வரம்
ஒரு முழம் முன்னால் வந்ததாகத்தான் பட்டது.
மறுநாள் இன்னும் அரை முழம்.
அந்தக் கணக்கில் போயிருந்தால்
மாசக் கடைசியில் வாசித்தவர்
எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்.

பிறகு விரல் தடிமனில் செம்பு வயர்.
அது தரையில் படக்கூடாதாம்,
பனைமட்டை நறுக்கி முட்டுக் கொடுத்தேன்.
ஆம்ப்ளிஃபயர் தலையில் பாரம் வேண்டுமாம்,
உடைந்த நங்கூரத்தின் கொக்கி ஒன்று
பாம்பன் பாலத்தடியில் கிடந்தது, தூக்கி வந்தேன்.
பிளக்கைத் திருப்பிக் குத்து என்றான்.
குத்தினேன்.
திருப்பாமல் குத்து என்றாலும் குத்தியிருப்பேன்.

விண்ணரசி ஒரு பந்தயம் வைத்தாள்.
திரைக்குப் பின்னால் நான் வயரை மாத்துறேன்,
புதுசா பழசா, நீங்க சொல்லுங்க.
பத்துத் தடவை கண்ணை மூடிச் சொன்னேன்.
இது பழசு. இதுவும் பழசு.
ஆகா, இது புதுசு, மேல்ஸ்தாயியில் என்ன பளபளப்பு!
முடிந்து திரையை விலக்கினால்
கையெல்லாம் மாவு.
"நான் எங்க மாத்துனேன்,
முறுக்குல்ல பிழிஞ்சுக்கிட்டு இருந்தேன்."

காது இன்னும் பழகவில்லை என்றான் நெய்னா.
எந்தக் காது?
பத்தொன்பது வருஷம் ஐஸ் பிளாண்ட்டில்
கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்ற காது.
பேரிங் தேயும் முன்னே சத்தத்தில் சொல்லிவிடும்.
பிளாண்ட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில்
ஒரு சுவர், இரண்டு முருங்கை.

கச்சான் காற்று அடித்த வாரத்தில் ஒருநாள்
இடது பெட்டி செத்துப்போனது.
கழற்றினால் வயர் முனையில்
பச்சை பூத்திருக்கிறது உப்பு.
பழைய பல் பிரஷ், ஒரு சிட்டிகைப் புளி.
துடைத்து முடுக்கியதும்
தவில் வீட்டுக்கு வந்துவிட்டது.
இதை நெய்னாவிடம் சொல்லவில்லை.
புளிக்கு அவனிடம் விலைப்பட்டியல் இல்லை.

சித்திரையில் தடைக்காலம்.
படகெல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்க
ஐஸ் கேட்க ஆளில்லை.
கம்ப்ரசரை நிறுத்தினோம். பாதிச் சம்பளம்.
அன்றிரவு அதே நாதஸ்வரத் தட்டு.
ஒரு பிடி முடிந்து
அடுத்த பிடி தொடங்குமுன்
வாசிப்பவர் மூச்சை இழுத்தார்.
பதினோரு வருஷமாக என்னிடம் இருக்கும் தட்டு.
அந்த மூச்சு அதற்குள் இருந்ததே
எனக்குத் தெரியாது.
கூம்பின் வேலையோ என்று குனிந்து பார்த்தேன்.
மூன்றுதான் இருந்தன.
நான்காவது
அடுப்படிக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க
முட்டாக நின்றது.

அறுபத்தோரு ராத்திரி அந்த மூச்சைக் கேட்டேன்.
கடைசி வாரம் மளிகைக்காரர்
ரேடியோக்காரரே என்று கூப்பிட்டுப்
பாக்கியை நினைவூட்டினார்.

ஆனி பிறக்கும் நள்ளிரவில்
படகுகள் விளக்கோடு கிளம்பிப் போயின.
சுவிட்சைப் போட்டது நான்தான்.
நல்ல கம்ப்ரசர், பிசிறில்லாத உறுமல்.
விண்ணரசி கடனை அடைத்தாள்.
தட்டு சுழல்கிறது, மூச்சு கேட்கவில்லை;
அந்த இடம் வரும்போது
நான் இழுத்துக்கொள்கிறேன்.

நேற்று நெய்னா போனில் கூப்பிட்டான்.
ஜப்பானிலிருந்து ஒரு ஃபியூஸ் வந்திருக்கிறதாம்,
வெள்ளி முலாம், பெருவிரல் நகமளவு,
கரண்டையே சலித்துக் கொடுக்குமாம்.
சிரித்தேன்.
நன்றாகச் சிரித்துவிட்டு,
அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு
மெதுவாகக் கேட்டேன்,
எவ்வளவு?