மேற்கு எல்லை

உறுதியில் இருக்கிறது.
பரப்பு ஒன்று, குழி பதினொன்று.
மேற்கு எல்லை: ஒழுங்கை.
அந்த வரியை வாசித்ததில்லை என்று
மாநகரசபைப் பிள்ளைக்குச் சொன்னேன்.
வாசித்திருக்கிறேன்.
குசினி கட்டக் கடன் எடுத்த அன்று
வங்கிக்காரன் முன்னால்
அந்த இடத்தில் பெருவிரலை வைத்துக்கொண்டு
மற்ற மூன்று எல்லைகளையும் உரத்து வாசித்தேன்.

பிள்ளையின் பெயர் துவாரகா.
மழைச் சப்பாத்து, முக்காலியில் மட்டக்கருவி.
ஒற்றைக் கண்ணால் எங்கள் வளவுகளைப் பார்த்துவிட்டு
"இஞ்ச சரிவே இல்லை ஐயா" என்றாள்.
"சந்தியிலயிருந்து கடல் மட்டும்
சரியா ஒரு முழம் இறங்கேல்லை.
இந்த மண்ணுக்கு மேல் கீழ் தெரியாது,
நாங்கள்தான் வெட்டிக் குடுக்கவேணும்."
எனக்குச் சிரிப்பு வந்தது.
மேல் கீழ் தெரியாத மண் என்று
நொச்சி ஒழுங்கையைப் பற்றி
இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

கிணற்றுக்கும் கிடங்குக்கும் பதினாலு அடி.
பக்கத்து வீட்டுக் கிடங்குக்கு ஒன்பது.
நடுவில் கல். அதுவும் பொந்துக் கல்,
ரகசியம் தங்காத கல்.
மாரியில் கிடங்கு நிரம்பி முற்றத்துக்கு வரும்.
பவுசர்காரனுக்கு அடித்தால்
"உங்களுக்கு முன்னால பதினேழு வீடு" என்பான்.
கிணறு மட்டும் எப்போதும் தெளிவு.
பரிசோதனைத் துண்டில் சிவப்பு வட்டம் விழுந்த
அந்தத் தெளிவில்தான் குளிக்கிறோம்,
வாய் கொப்பளிக்கிறோம்,
விழுங்காமல்.

முன்பக்கம் இடமில்லை, பின்னால்தான் குழாய் என்று
பழைய வரைபடத்தை விரித்தாள்.
நாலடி அகலத்தில் ஒரு கோடு
இருபத்திரண்டு வீடுகளின் முதுகை உரசிக்கொண்டு.
கோட்டின் மேல்
கனகேஸ்வரனின் கோழிக்கூடு,
டிலானி ரீச்சரின் தண்ணீர்த் தாங்கி,
என் குசினி.

கூட்டத்தில் எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னோம்:
அப்படியொரு ஒழுங்கை இருந்ததேயில்லை.
பின்பக்கத்தால ஆர் வாறது? எதுக்கு வாறது?
கேட்டுவிட்டு
கொஞ்ச நேரம் ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை.

வைகாசியில் உடைத்தார்கள்.
குசினியின் வெளிச்சுவர் போனதும்
உட்சுவர் வெயிலுக்கு வந்தது.
முழங்கால் உயரத்தில் அதில் ஒரு மாடம்.
இருபத்தாறு வருசமாய் அதற்குள்தான் வெங்காயம்.
அழுகாத இடம் என்று மனைவிக்குப் பெருமை.
குழாய் போடவந்த மதனராசா குந்தியிருந்து
கையை உள்ளே விட்டு அளந்தான்.
ஒரு சாண், இன்னொரு சாண், நாலு விரல்.
"வாளி வந்துபோற அளவு."
அவ்வளவுதான்.
எழும்பிப் போய்க் கல்லுடைக்கும் மெசினைப் பிடித்தான்.
பின்னேரம் மட்டும் எங்கள் பற்கள் அதிர்ந்தன.

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள்,
வெளிநாட்டு ஆட்கள் வந்தால் மட்டும் எடுக்கும் கோப்பையில்.
"சீனி போட்டதோ அக்கா?"
"ஓம் தம்பி."
"எனக்குச் சுகர்" என்று
பக்கத்தில் நின்ற பெடியனிடம் நீட்டினான்.
அந்தக் கோப்பையால் நாங்கள் எதைச் சொல்லப் பார்த்தோமோ
அது வேறொருவனின் வயிற்றுக்குள் போனது.

இப்போது நூறடிக்கு ஆறங்குலம்
இறங்குகிறது நொச்சி ஒழுங்கை, நிலத்துக்குக் கீழே.
கனகேஸ்வரன் வீட்டில் தண்ணீர் இழுத்தால்
எங்கள் காலடியில் ஒரு நொடி இரைச்சல்.
ரீச்சர் வீட்டது, எங்களது,
கதைபேச்சு இல்லாத வீடுகளது,
எல்லாம் தோளோடு தோள் உரசிப் போகிறது.
கிணற்றுக்குத் துவாரகா உறுதி தரவில்லை.
"கல்லுக்குள்ள போனது வெளிய வர
கனகாலம் செல்லும் ஐயா."

அடுப்பு விறாந்தையில்.
வெங்காயம் கூடையில், மேசைக்குக் கீழே.
மாடத்தைப் பூச
அரைப் பை சீமெந்து மிச்சம் கிடக்கிறது.
பூசு என்று அவள் சொல்லவில்லை,
பூசட்டோ என்று நான் கேட்கவில்லை.
மாரி தொடங்கிவிட்டது.
பையைத் தட்டிப் பார்த்தேன்,
ஒரு மூலை இறுகியிருக்கிறது.