மண்கரைக்கு அந்தப் பக்கம்

பாரத்தில்
'உடன் வரும் பெற்றோர்' என்ற கட்டத்தில்
டிக் அடித்தது நான் இல்லை, தேஷ்வினி.
அடித்துவிட்டு அப்புறம்தான் கேட்டாள்.

ஜெராமுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பத்தொன்பது வருஷம்.
செம்பனை நாற்றங்காலில் பதினாறு.
கடல் கூப்பிடு தூரம்தான்.
தோட்டத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு மண்கரை,
ஏறிப் பார்த்ததே இல்லை.
அந்தப் பக்கம் கொசு, பாம்பு, பாகாவ் காடு.
இந்தப் பக்கம் சம்பளம்.

"பாகாவ் மலாய்ம்மா. தமிழ்ல கண்டல்."
வேனிலேயே திருத்தினாள்.
பதினோரு வயசுக்கு இந்த வாய்
எங்கிருந்து வந்தது என்பதுபோல்
முன் சீட்டு டீச்சர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மருந்தடிக்கப் போடும் ரப்பர் புட்ஸோடு போயிருந்தேன்.
சேறு என்றால் எனக்குத் தெரியாதா என்ன.

தெரியவில்லை.
தோட்டத்துச் சேறு மிதித்தால் விலகும்.
இது பிடித்து வைத்துக்கொண்டு
யார் நீ என்று கேட்கிறது.
காலை எடுக்கும் இடமெல்லாம் குமிழி,
அழுகிய முட்டை வாடை.
கண்ணை உச்சியில் வைத்த மீன் ஒன்று
வேரில் ஏறி உட்கார்ந்து முறைத்தது.
"பெலாச்சாக்," என்றான் லவினேஷ்.
தமிழில் என்ன என்று கேட்டேன்.
பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.
எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

இந்தக் காய் மரத்திலிருக்கும்போதே முளைத்துவிடுமாம்.
முருங்கைக்காய் மாதிரி நீளம், நுனி கூர்.
நழுவினால் நேரே சேற்றில் குத்தி நிற்கும்.
நாற்றங்கால் வேண்டாம்,
கறுப்பு போலிபேக் வேண்டாம்,
நான் வேண்டாம்.
கடைசி வரியைச் சத்தமாகச் சொல்லவில்லை.

மார்ச்சில் அவர்கள் நட்டது நாற்பது.
ஒவ்வொன்றுக்கும் ஒரு மூங்கில் குச்சி, சிவப்பு நாடா.
இன்று எண்ணினால் பதினேழு.
குரங்கு பிடுங்கியது ஆறு.
அலை கொண்டுபோனதற்குக் கணக்கில்லை.
இருப்பதன் தண்டிலும்
வெள்ளை வெள்ளையாக ஓடு ஒட்டியிருந்தது.
ஐஸ்கிரீம் குச்சியால் சுரண்டினார்கள்,
புண்ணில் பொருக்கு எடுப்பதுபோல், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

நாற்றங்காலில் நானும் கழிப்பவள்தான்.
இலை சுருண்டது, குட்டையாய் நின்றது,
புல்போல் விறைத்தது,
நூற்றுக்கு இருபதை வெட்டி எறிந்து
எண்ணிக்கையைச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன்.
ஒரு நாளும் முகம் வாடியதில்லை.
இங்கே லவினேஷ்
செடி இல்லாத குச்சியின் முன் குந்தியிருந்தான்.
"என்னோடத எழுதாம விடலாமா டீச்சர்?"
"எழுதணும்டா. அதுக்குத்தானே வந்தோம்."
சைபர் போட்டான்.
ரொம்ப நேரம் எடுத்து, வட்டமாக.

மதகுப் பக்கம்
தேஷ்வினி பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள்.
"இது எங்கேருந்து டீச்சர் வருது?"
டீச்சர் மண்கரையைப் பார்த்தார்.
பிள்ளைகளும் பார்த்தார்கள்.
நான் புட்ஸைப் பார்த்தேன்,
விளிம்பில் கழுவினாலும் போகாத நீலக் கறை.
என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.
மூடியை இறுக்கி
'மதகு, 10.20' என்று எழுதி ஒட்டினாள்.
அவள் கையெழுத்து இவ்வளவு நன்றாக இருக்கும் என்று
அதுவரை கவனித்ததில்லை.

தண்ணீர் ஏறத் தொடங்கியதும்
கிளம்பச் சொன்னார்கள்.
இடது காலை இழுத்தேன்.
கால் வந்தது, புட்ஸ் வரவில்லை.
நான்கு பேர் பிடித்து இழுத்தும்
மல்லாந்து விழுந்து சிரித்ததுதான் மிச்சம்.
கைவிட்டுத் துழாவினால் நண்டு கடிக்கும் என்றார்கள்.
சரி, அடுத்த மாதம் எண்ண வருவீர்களே,
அப்போது தேடுங்கள் என்றேன்.
நீங்களும் வரணும் என்றான் லவினேஷ்.

வேனில் குப்பைக் கணக்கு வாசித்தாள்:
பிளாஸ்டிக் பாட்டில் இருபத்து மூன்று,
வலைத் துண்டு நான்கு,
செருப்பு ஏழு, ஒன்றுக்கும் ஜோடியில்லை.
கீழே புதிதாக ஒரு வரி சேர்த்து,
என் பக்கம் திரும்பாமலே எழுதினாள்:
ரப்பர் புட்ஸ், ஒன்று.
எடுக்க முடியவில்லை.
சொந்தக்காரர்: உடன் வந்த பெற்றோர்.