பேச்சுச் சோதனை

மாத்திரை போடும் இதயம் பொய் சொல்லும் என்றாள் ஒக்சானா.
எப்படி ஓடினாலும் நூற்றி நாலைத் தாண்டாது,
மணிக்கூட்டை நம்பாதே, பேசிப் பார்.
ஒரு முழு வசனம் தடையின்றி வந்தால் அதுவே உன் வேகம்.
பாட முடிந்தால் சோம்பல்.
சொல் சொல்லாய் உதிர்ந்தால்
நில்.

யாரோடு பேச?
மைனஸ் பதினொன்றில், எட்மன்டன் ஆற்றோரம்,
காலை ஆறரைக்கு
நானும், வால் நீண்ட மேக்பை இரண்டும்.

முதல் வாரம் வாய்ப்பாடு சொன்னேன்.
பதினாறாவதில் தடுக்கியது மூச்சல்ல, கணக்கு.
அடுத்த வாரம் கிடங்கின் சரக்குப் பட்டியல்,
எட்டாம் தட்டு, ஒன்பதாம் தட்டு, உடைந்த பெட்டிகள் தனி.
பிறகு எப்படியோ
இராசநேசன் வந்துவிட்டான் வாய்க்குள்.

"நேசன், அந்தப் பனி தள்ளுற ட்ரக்கை நாங்கள் ரெண்டு பேரும் பாதிக்குப் பாதி போட்டுத்தானே வாங்கினனாங்கள்,
கியர்பெட்டி உடைஞ்சது உன்ர கையில, நான் கேட்டது வெறும் எழுநூற்றுப் பதினைஞ்சு டொலர்."

சமதரை. நீண்ட வசனம்.
முற்றுப்புள்ளிக்குப் பிறகும் கொஞ்சம் காற்று மிச்சம்.
ஒக்சானா மெச்சுவாள்.

நாயோடு எதிரே வந்தவர்
என் காதில் கருவி தேடினார்.
தொப்பியை இழுத்து மூடிக்கொண்டேன்,
இருப்பதாகவே நினைக்கட்டும்.

பாலம் கடந்ததும் ஏற்றம்.

"கேட்டது பிழையெண்டால்
அப்பவே சொல்லியிருக்கலாம்.
ஆறு வருசம்.
உன்ர மகளின்ர கலியாணத்துக்கு
கார்ட் வந்தது.
வரேல்லை எண்டு
சொல்லேலாது.
வந்தது."

மரப்படிகள்.
எண்ணவில்லை.

"நான்
தான்
போகேல்லை
நேசன்
நான்"

நின்றேன்.
கைப்பிடியில் உறைபனி, கையுறை ஒட்டிக்கொண்டது.
மணிக்கூடு நூற்றி இரண்டு என்றது,
ஒன்றும் நடவாததுபோல.

மேலே தெருவில் யாரோ பனி தள்ளும் சத்தம்.
அவனாக இருக்காது. அவன் பக்கம் வடக்கே, வெகுதூரம்.
அவனென்றால் இரண்டாம் கியரில் ஒரு முனகல் இருக்கும்,
கிளச்சை முழுக்க மிதிக்கமாட்டான், எத்தனை தரம் சொல்லியும்.

மூச்சு திரும்பிவிட்டது.
இப்போது என்னால் முழு வசனம் சொல்லமுடியும்.
சொல்லவில்லை.
ஒக்சானா தந்த ஓய்வு ஒன்றரை நிமிடம்,
அதையும் தாண்டி
கியர் மாறும் வரை
படியிலேயே நின்று கேட்டேன்.